மூன்று பிஸ்டலும் ஒரு மாமனாரும்

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது ஆளுக்கு ஐந்து தோட்டா கொடுத்தார்கள். பாயின்ட் 22 ரைபிள். குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்து, ஐந்தையும் சுட்டேன். போய்ப் பார்த்தால் என் அட்டையில் ஒரு ஓட்டைகூட இல்லை. பக்கத்தில் படுத்திருந்தவன் அட்டையில் ஆறு ஓட்டை. அவனுக்கு எல்லோரும் கை தட்டினார்கள். அந்த ஆறாவது ஓட்டை யாருடையது என்று நானும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

துப்பாக்கிக்கும் எனக்கும் உள்ள உறவு அத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். இருபது வருஷம் கழித்து, டெக்ஸஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் குடியிருக்கும்போது அது மறுபடி ஆரம்பித்தது.

எங்கள் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் திருட்டு. இரண்டும் நம்மவர் வீடு. டி.வி., லேப்டாப் எதையும் தொடவில்லை. பீரோவைத் திறந்து நகையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நம் வீடுகளில் தங்கம் இருக்கும் என்பது இங்கே திருடர்களுக்கும் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து ராத்திரி ஃப்ரிட்ஜ் உறுமினால்கூட என் மனைவி எழுந்து உட்கார ஆரம்பித்தாள்.

ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் டெக்ஸஸிலேயே பிறந்து வளர்ந்தவர். விஷயத்தைச் சொன்னதும், மழைக்குக் குடை வாங்கச் சொல்வது போல, "ஒரு பிஸ்டல் வாங்கிடு" என்றார்.

நம்ம ஆட்கள் எதையும் சும்மா வாங்க மாட்டோம். குக்கர் வாங்கினாலும் நாலு கடை ஏறி இறங்கி, நாற்பது பேரைக் கேட்டுவிட்டுத்தான். நானும் கம்ப்யூட்டரில் எக்ஸெல் திறந்து கட்டம் போட்டேன். மேலே மூன்று பெயர். பக்கவாட்டில் கைப்பிடி, விசை, உதறல், சுத்தம் செய்கிற வசதி, விலை, சரித்திரம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க்.

மூன்று பெயர்களில் முதலாவது க்ளாக். ஆஸ்திரியாக்காரர் காஸ்டன் க்ளாக் அதற்கு முன் பிஸ்டலே செய்தவர் இல்லை. திரைச்சீலைக் கம்பி, ராணுவத்துக்குக் கத்தி என்று செய்துகொண்டிருந்தவர். பிளாஸ்டிக் உடம்போடு அவர் செய்த பிஸ்டலை 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் எடுத்துக்கொண்டது. அவருடைய 17-வது காப்புரிமை என்பதால் க்ளாக் 17 என்று பெயர். தற்செயலாக 17 தோட்டாவும் பிடிக்கும். இன்று அமெரிக்கப் போலீஸ்காரர் இடுப்பில் அதிகம் பார்க்கக் கிடைப்பது இந்தக் குடும்பம்தான்.

இரண்டாவது, 1852-ல் ஆரம்பித்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் எம் அண்ட் பி. மிலிட்டரி அண்ட் போலீஸ் என்பதன் சுருக்கம். 2005-ல் வந்தது, 2017-ல் 2.0 என்று புதுப்பித்தார்கள்.

மூன்றாவதுதான் என் ஆசையைக் கிளப்பியது. சிக் சாவர் கம்பெனியின் பி320. 2014-ல் வந்தது. மற்ற இரண்டுக்கும் தம்பி. மாடுலர் பிஸ்டல் என்கிறார்கள்.

மாடுலர் என்றால் என்ன? உங்கள் வீட்டு மிக்ஸியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஒன்று. சட்னிக்குச் சின்ன ஜார், மாவுக்குப் பெரிய ஜார். பி320-ல் மோட்டார் என்பது உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஒரு எஃகுக் கூடு. விசையும் அதைச் சேர்ந்த கொக்கிகளும் ஸ்பிரிங்குகளும் அதில் இருக்கின்றன. சீரியல் நம்பர் அதில்தான். அமெரிக்கச் சட்டப்படி அந்தக் கூடு மட்டுமே 'துப்பாக்கி'. கைப்பிடி, குழல், ஸ்லைடு எல்லாம் வெறும் ஜார். பெரிய கைக்குப் பெரிய பிடி, சின்னக் கைக்குச் சின்னப் பிடி, தபாலில் வரவழைத்து வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம். மற்ற இரண்டிலும் பிடியின் முதுகுப் பக்கத்தை மட்டும் மாற்றலாம். எம் அண்ட் பி-யோடு நாலு அளவு தருகிறார்கள். உடம்பு அதேதான்.

அப்புறம் இந்த மூன்றுக்கும் பொதுவான 'ஸ்ட்ரைக்கர்' சமாசாரம். பழைய சினிமாவில் வில்லன் கட்டைவிரலால் பின்பக்கம் ஒரு சுத்தியை 'க்ளிக்' என்று இழுப்பானே, அந்தச் சுத்தி இவற்றில் கிடையாது. மீட்டிங்கில் மேனேஜர் பேசும்போது டிக் டிக் என்று அமுக்குவீர்களே, பால்பாயிண்ட் பேனா, அது மாதிரி உள்ளுக்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு ஊசி. விசையை இழுத்தால் ஊசி பாய்ந்து தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்தும். க்ளாக்கில் அந்த ஸ்பிரிங் பாதிதான் இழுபட்டுக் காத்திருக்கும், மீதியை உங்கள் விரல் இழுக்க வேண்டும். பி320-ல் ஏறக்குறைய முழுசும் தயாராக நிற்கும். அதனால் விசை சுகமாக வரும். இந்தச் சுகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

வாடகைக்குப் பிஸ்டல் கொடுத்துச் சுட்டுப் பார்க்க விடுகிற இடங்கள் இங்கே உண்டு. ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரும் சட்டையை மாட்டிக்கொண்டு, "நானும் வர்றேன் மாப்பிள்ளை" என்றார்.

மாமனார் தமிழ்நாடு ஆயுதப்படைப் போலீஸில் முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் ரிப்போர்ட் எழுதுகிற மாதிரி இருக்கும்.

கவுன்டரில் அடையாள அட்டை கேட்டார்கள். என்னிடம் கிரீன் கார்டு, பிரச்னை இல்லை. மாமா டூரிஸ்ட் விசா. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது, வாடகைக்கும் கிடையாது, மத்திய சட்டம் என்றார்கள். முப்பது வருஷம் துப்பாக்கி தூக்கியவருக்கு அனுமதி இல்லை. ஐந்து தோட்டாவை அடுத்தவன் அட்டைக்குத் தானம் செய்த எனக்கு உண்டு. மாமா அலட்டிக்கொள்ளவில்லை. காதில் மஃப் மாட்டிக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பயிற்சியாளர் ஒரு பழைய ராணுவ சார்ஜண்ட். நாலு விதி சொன்னார். எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை. அழிக்க விரும்பாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பாதே. குறி பார்க்கும்வரை விரலை விசைமேல் வைக்காதே. குறியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். நான் தலையாட்டினேன். இந்த நாலும் எக்ஸெல்லில் எந்தக் கட்டத்திலும் இல்லையே என்று அப்போது தோன்றவில்லை.

இருபது அடி தூரத்தில் அட்டை. 9 எம்எம் தோட்டா, ஒன்று நம்ம காசுக்கு இருபத்தைந்து ரூபாய் சுமார்.

முதலில் க்ளாக். கையில் எடுத்தால் காலி டிபன் பாக்ஸ் மாதிரி லேசு, 600 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. விசை முதலில் வழுக்கிக்கொண்டு வருகிறது, பிறகு தயங்குகிறது, அழுத்தினால் 'டப்'. பத்து சுட்டேன். எட்டு ஓட்டை இடது பக்கம் கீழே. இரண்டைக் காணோம்.

அடுத்தது எம் அண்ட் பி. பிடியில் உப்புத்தாள் ஒட்டிய மாதிரி சொரசொரப்பு. வேர்த்த கையிலும் வழுக்காது. பத்து சுட்டேன். ஒன்பது, இடது பக்கம் கீழே. வெளியே தெறித்த ஒரு காலித் தோட்டா நேராகச் சட்டைக் காலருக்குள் விழுந்து சுட்டதில் நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து சார்ஜண்ட் சிரித்துவிட்டு, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஆடச் சொன்னார்.

கடைசியாக பி320. சார்ஜண்ட் என் கையைப் பார்த்து, சின்னப் பிடி மாட்டினதை எடுத்துக் கொடுத்தார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்கார்ந்தது. குழல் கைக்கு மேலே கொஞ்சம் உயரத்தில் இருப்பதால் சுடும்போது மூக்கு சற்று அதிகமாகத் தூக்கிக்கொள்கிறது. ஆனால் விசை, ஆஹா, புது ஸ்கூட்டர் கிளட்ச். பத்தும் அட்டையில் விழுந்தன. விசை சுலபம் என்பதால் கொஞ்சம் நெருக்கமாகவும் இருந்தன. ஆனால் இதுவும் இடது பக்கம் கீழேதான்.

சுத்தம் செய்கிற பாடமும் நடந்தது. க்ளாக்கைக் கழற்றுவதற்கு முன் ஒரு தடவை விசையை இழுத்தாக வேண்டும். உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். பார்க்க மறந்தால் சுவரில் ஓட்டை. பி320-ல் அந்த வேலையே இல்லை, ஒரு நெம்புகோலைத் திருப்பினால் ஸ்லைடு கழன்று வந்துவிடும். எம் அண்ட் பி-யிலும் விசையைத் தொடாமல் கழற்ற வழி உண்டு.

வீட்டுக்கு வந்து மார்க் போட்டேன். பி320 முதலிடம். விலையில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, சரித்திரம் என்ற கட்டம் மட்டும்தான் பாக்கி. அதைப் படிக்க உட்கார்ந்தேன். ராத்திரி இரண்டு மணி ஆகிவிட்டது.

முதல் பாதி ஜோர். அமெரிக்க ராணுவம் 1985-லிருந்து வைத்திருந்த பெரட்டா பிஸ்டலை மாற்ற டெண்டர் விட்டது. மாடுலராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2017 ஜனவரியில் பி320-ன் ராணுவ வடிவத்துக்கு ஆர்டர் கிடைத்தது. க்ளாக் கம்பெனி ஆட்சேபம் செய்தது. தணிக்கை அலுவலகம் 2017 ஜூனில் அதைத் தள்ளிவிட்டது. மதிப்பிட்ட விலை சிக் 169.5 மில்லியன் டாலர், க்ளாக் 272.2 மில்லியன். நம்ம பொதுப்பணித் துறையில் டெண்டர் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

இரண்டாம் பாதியில்தான் தூக்கம் போனது. அதே 2017 ஆகஸ்டில், கடையில் விற்கிற பி320 ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பின்பக்கமாகக் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று சிலர் சோதித்துக் காட்டினார்கள். தரையில் மோதும் வேகத்தில் விசை தன் சொந்த எடையாலேயே பின்னால் நகர்ந்துவிடுகிறது. அமெரிக்காவின் பாதுகாப்புச் சோதனைகளில் எல்லாம் தேறிய துப்பாக்கிதான் என்றது கம்பெனி. ஆனாலும் விசையை லேசாக்கி, உள்ளே சில மாற்றங்கள் செய்து, பழையதை இலவசமாகச் சரி செய்து தருவதாக அறிவித்தது.

அத்தோடு நிற்கவில்லை. உறையில் இருக்கும்போது, விசையைத் தொடாமலே வெடித்தது என்று போலீஸ்காரர்கள் உள்பட பலர் வழக்குப் போட்டார்கள். விசையை இழுக்காமல் வெடிக்கவே வெடிக்காது என்பது கம்பெனியின் பதில். 2024-ல் ஜூன் மாதம் ஜார்ஜியாவிலும், நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவிலும் ஜூரிகள் கம்பெனிக்கு எதிராகச் சொன்னார்கள். 2025 ஜூலையில் வயோமிங் மாநிலத்து விமானப்படைத் தளத்தில் ஒரு வீரர் இறந்ததும், விமானப்படையின் ஒரு பிரிவு இந்தப் பிஸ்டலை ஒதுக்கி வைத்தது. அப்புறம் அந்தச் சாவு தொடர்பாக இன்னொரு வீரரைக் கைது செய்தார்கள். ஆகஸ்டில் பிஸ்டல் மறுபடி புழக்கத்துக்கு வந்தது.

யார் சொல்வது சரி? ஒரு சாப்ட்வேர்க்காரன் ராத்திரி இரண்டு மணிக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடிய வழக்கில்லை. ஆனால் ஒன்று உறைத்தது. க்ளாக், தன் விசைக்கு நடுவே ஒரு குட்டி நாக்கை வைத்திருக்கிறது. விரல் அந்த நாக்கையும் சேர்த்து அழுத்தினால்தான் விசை நகரும். சாதாரண பி320-ல் அந்த நாக்கு இல்லை. ராணுவத்துக்குக் கொடுத்ததில் கட்டைவிரலால் பூட்டுகிற சேஃப்டி உண்டு, கடையில் விற்பதில் பெரும்பாலும் அதுவும் இல்லை. எந்தச் சுகத்துக்காக நான் பத்துக்கு ஒன்பது மார்க் போட்டேனோ, அதே சுகம் என் விரலுக்கும் கிடைக்கும், என் சட்டை நுனிக்கும் கிடைக்கும்.

காலையில் மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எக்ஸெல்லை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தார்.

"எல்லாம் சரி மாப்பிள்ளை. மூணு துப்பாக்கியும் ஒரே பக்கம் தப்பா சுட்டுதே, அதைப் போடலையே?"

"குறி பார்க்கிற புள்ளி சரியில்ல போல மாமா."

"மூணுலயுமா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நேத்து கண்ணாடிக்கு வெளியேருந்து துப்பாக்கியைப் பார்க்கல, உங்க மூஞ்சியைத்தான் பார்த்தேன். வெடிக்கிறதுக்கு முன்னாடியே கண்ணை மூடிக்கிறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த சனிக்கிழமை சார்ஜண்டிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் மேகசீனை வாங்கி, நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே டம்மி தோட்டாக்களைக் கலந்து போட்டுக் கொடுத்தார். எது எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. சுட்டேன். டப். டப். மூன்றாவது டம்மி. சத்தம் இல்லை. ஆனால் துப்பாக்கியின் மூக்கு தானாகவே சடக்கென்று இடது பக்கம் கீழே குனிந்தது. வராத வெடிக்குப் பயந்து என் மணிக்கட்டு செய்த வேலை. வலது கைக்காரர்கள் பாதிப் பேருக்கு இதுதான் வியாதி என்றார் சார்ஜண்ட். ஆஸ்திரியாவையும் அமெரிக்காவையும் அனாவசியமாகச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

பாதிப் பகலில், காதுக்கு மஃப், கண்ணுக்குக் கண்ணாடி, பக்கத்தில் பயிற்சியாளர் என்று இருக்கும்போதே இருபது அடியில் இப்படி. ராத்திரி மூன்று மணிக்கு, அரைத் தூக்கத்தில், இருட்டில், அடுத்த அறையில் எட்டு வயசுப் பொண்ணு படுத்திருக்கும்போது?

காரில் வரும்போது மாமா தானாகவே பேசினார். சர்வீஸில் சுடும் பயிற்சி முடிந்ததும் காலித் தோட்டாவைப் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டுமாம். ஒன்று குறைந்தாலும் புல்லுக்குள் மண்டி போட்டுத் தேட வேண்டும். "இங்க விளக்குமாறு போட்டுப் பெருக்கித் தள்றான்" என்று ஆச்சரியப்பட்டார். அப்புறம், கூடவேலை பார்த்த ஒருவர் 'காலி' என்று நினைத்து ரைபிளைத் துடைத்தபோது வெடித்து, கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போன கதை. "காலித் துப்பாக்கிதான் மாப்பிள்ளை ரொம்ப ஆபத்து. முப்பது வருஷத்துல நான் ஒருநாளும் வீட்டுக்கு எடுத்துட்டு வந்ததில்ல. டூட்டி முடிஞ்சா ஆயுத அறையில வெச்சு, கையெழுத்துப் போட்டுட்டுத்தான் சைக்கிளை எடுப்பேன். வீட்டுல உங்க மாமியார் கைல ஒரு டார்ச் லைட்டு இருந்துச்சு. அது போதும்னு இருந்தது."

இரும்புப் பெட்டி ஒன்று வாங்கிப் பூட்டி வைக்கலாம் என்றேன். இங்கே டெக்ஸஸிலேயே, தோட்டா போட்ட துப்பாக்கியைக் குழந்தை கைக்கு எட்டும்படி வைப்பது குற்றம். எனவே பெட்டி கட்டாயம். அது குழந்தையால் திறக்க முடியாததாக இருக்க வேண்டும். பதற்றத்தில் இருக்கிற அப்பாவால் இருட்டில் சில விநாடிகளில் திறக்க முடிந்ததாகவும் இருக்க வேண்டும். படிக்கச் சுலபமாகத்தான் இருக்கிறது.

அன்று சாயந்தரம் வீட்டுக்குள் நுழைந்தால் பொண்ணு புது சைக்கிள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஹாலில் ஓடுகிறாள். அடுத்த வாரம் வருகிற பிறந்த நாளுக்கு வாங்கி, அலமாரி உச்சியில், சூட்கேஸுக்குப் பின்னால், போர்வைக்கு அடியில் நான் ஒளித்து வைத்திருந்தது. நாற்காலி மேல் ஸ்டூல் போட்டு ஏறினாளாம்.

மாமா என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மனைவியும் நானும் நகைகளை எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போய் லாக்கர் எடுத்தோம். வாசலுக்கு விளக்கும் கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும் போட்டோம். இப்போது ஃப்ரிட்ஜ் உறுமினால் அவள் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். பிஸ்டல் வாங்கவில்லை. வாங்கவே மாட்டேன் என்று சத்தியமும் செய்யவில்லை. பொண்ணு வளரட்டும், என் மணிக்கட்டும் வளரட்டும்.

தீர்ப்பு கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். கைக்கு இதமாக, அட்டையில் சுட்டு மகிழ, கழற்றி மாட்டி விளையாட, பி320 நல்ல கருவி. ராணுவத்தில் இருப்பது போலக் கட்டைவிரல் சேஃப்டியோடு எடுப்பது என் மனசுக்கு நிம்மதி. பகட்டு இல்லாமல், நாக்கு வைத்த விசையோடு, நாற்பது வருஷ அனுபவத்தோடு வேண்டும் என்றால் க்ளாக். வேர்க்கிற கைக்கு எம் அண்ட் பி. ஆனால் மூன்றில் எதை எடுத்தாலும் முதல் ஐந்நூறு தோட்டாவுக்கு வித்தியாசம் தெரியப் போவதில்லை. சார்ஜண்ட் சொன்னது இது.

சனிக்கிழமைகளில் இன்னும் போய் வாடகைக்கு எடுத்துச் சுடுகிறேன். மாமா ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் ராத்திரி என் எக்ஸெல்லில், பேத்தியின் உதவியோடு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். 'சுடுகிறவர்: பத்துக்கு இரண்டு.'

போன வாரம் அட்டையைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஓட்டைகளெல்லாம் நடுவுக்குப் பக்கத்தில் வந்திருந்தன. நானே ஐந்து என்று மார்க் போட்டிருந்தேன்.

ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. 'நாலு. பக்கத்து அட்டையையும் அனுப்பவும்.'